நாம் படிப்பதை யார் தீர்மானிப்பது?

நமது தோழர்களில் சிலர் கொஞ்ச காலமாக ஒரு வாதம் செய்து வருகின்றார்கள். அதாவது, கதை என்பது நடக்காததை நடந்ததாகச் சொல்லுவது. நடக்காததை நடந்ததாகச் சொல்லுவதன் பேர் பொய். பொய்யை ஒழிக்க ஏற்பட்டதே நமது இயக்கம். ஆதலால் பகுத்தறிவுக்காரனுக்குக் கதை எதற்கு, நாவல் எதற்கு, விஞ்ஞானமும் சரித்திரமும் படித்தால் போதாதா என்று கேட்கின்றார்கள். இதற்கு நேர் எதிராக வேறொரு கூட்டம் இருக்கின்றது. அவர்கள், பொழுது போவதற்குத்தானே புஸ்தகம், மண்டையை உடைத்துக் கொள்ளுவதற்கா என்று சொல்லி, கதையைத் தவிர வேறொன்றையும் கையால் தொடுவதில்லை. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள், "எங்களுக்கு எதற்கையா இந்தத் தொல்லை? எதைப் படிக்க வேண்டுமென்று பெரியவர்களாகப் பார்த்து ஒரு ஜாபிதா எழுதிக் கொடுத்து விடுங்கள். அதன்படி படித்து விட்டுப் போகின்றோம்" என்கின்றார்கள்.

இந்த மூன்று கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் விரோதிகள் போலக் காணப்பட்டாலும், மூவரும் போய் நிற்கின்ற இடம் ஒன்றுதான் என்பது நமது அபிப்பிராயம். படிக்க வேண்டியதைத் தானே தேடி, தானே படித்து, தானே தீர்ப்புச் செய்கின்ற பொறுப்பை மூவருமே தட்டிக் கழிக்கின்றார்கள். அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழித்தவன் கோவிலுக்குப் போகாமல் இருக்கலாம். திவசம் கொடுக்காமல் இருக்கலாம். மேடை ஏறிப் புராணத்தைக் கிழிகிழியென்று கிழிக்கவும் கிழிக்கலாம். ஆனாலும் அவன் மூளைக்கு வேறு ஒருவன் பூசாரியாக இருக்கின்றான் என்றுதான் சொல்லுவோம்.

தடுத்தவனைக் கேளுங்கள்

முதல் கூட்டத்தாருக்கு முதலில் பதில் சொல்லுவோம். கதையால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்பதை நம்மிடம் கேட்க வேண்டாம். ஜனங்களைப் படிக்கவொட்டாமல் தடுத்தவர்கள் எதை எதைத் தடுத்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

ரோமாபுரிப் போப்பின் சபையார் 1559-ஆம் வருஷத்தில், கத்தோலிக்கர்கள் படிக்கக் கூடாத புஸ்தகங்கள் என்று ஒரு ஜாபிதா வெளியிட்டார்கள். அது அவ்வப்போது திருத்தப்பட்டும் பெருக்கப்பட்டும் 1966 வரையில், அதாவது சுமார் 400 வருஷ காலம் நீடித்தது. பூமிதான் சூரியனைச் சுற்றுகின்றது என்று வாதித்த கலிலியோவின் புஸ்தகம் அதில் இருந்தது. கான்ட் என்கின்ற ஜெர்மானியத் தத்துவ ஆசிரியரின் புஸ்தகம் இருந்தது. சரி, இவை விஞ்ஞானமும் தத்துவமும் ஆனதால் குருமார்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே ஜாபிதாவில், ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வருஷக் கணக்கில் சிறையில் வாடியவனுடைய கதையைச் சொல்லும் விக்டர் ஹியூகோவின் நாவலும், அதாவது தமிழில் "ஏழை படும் பாடு" என்று வந்திருக்கின்ற நாவலும், இருந்ததே, அது எதற்காக? கலியாண வாழ்க்கையில் புழுங்கிச் செத்த ஒரு பெண்ணைப் பற்றி ஃபிளாபேர் எழுதிய "மதாம் பொவாரி" என்ற நாவலும் இருந்ததே, அது எதற்காக?

கதை வெறும் பொய்யாகவும் பொழுதுபோக்காகவும் மாத்திரம் இருக்குமானால் 400 வருஷம் தடை போடுவார்களா? பதர்க் குவியலுக்கு எவனாவது காவல் போடுவானா? விஞ்ஞானம் ஜனங்களை எந்த இடத்திற்குக் கொண்டு போய் விடுமோ, நல்ல கதையும் அதே இடத்திற்கு வேறு வழியாகக் கொண்டு போய் விடும் என்பது குருமார்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது நமது தோழர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

இன்னும் ஒரு வேடிக்கை பாருங்கள். கலிலியோ 1632-இல் வெளியிட்ட அந்தப் புஸ்தகம், மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து வாதாடுவதாகக் கற்பனை செய்து எழுதப்பட்டது. அதைக் கதை அலமாரியில் வைப்பதா, விஞ்ஞான அலமாரியில் வைப்பதா? அவ்வளவு தூரம் போவானேன்? "சித்திரபுத்திரன்" என்ற பேரில் பெரியார் எழுதிய சம்பாஷணைகள் எல்லாம் உண்மையில் நடந்த சம்பாஷணைகளா? அவற்றைப் பொய் என்று நமது தோழர்கள் தள்ளி விடுவார்களா? கற்பனையைக் கற்பனை என்று சொல்லிக் கொடுப்பவன் பொய்யன் அல்ல. கற்பனையை நடந்தது என்றும், தெய்வ வாக்கு என்றும், நம்பாவிட்டால் நரகம் என்றும் சொல்லிக் கொடுப்பவன்தான் பொய்யன். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ளாமல் எல்லாக் கதையையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிவது பகுத்தறிவாகாது.

நமக்கு ஒதுக்கப்பட்ட பங்கு

இனி, கதையைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்கின்ற இரண்டாவது கூட்டத்தாருக்குச் சொல்லுவோம்.

நம் நாட்டுப் புரோகிதக் கூட்டம் ரோமாபுரிக்காரர்களைப் போல ஜாபிதா போட்டுச் சிரமப்படவில்லை. புஸ்தகத்தைத் தடுப்பதற்குப் பதிலாக ஆளையே தடுத்து விட்டது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் விதிக்கின்றது. ஆனால் அதே கூட்டம் சூத்திரர்களும் பெண்களும் புராணக் கதை கேட்பதைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, ஊர் ஊராகக் காலட்சேபம் வைத்து, விடிய விடியக் கேட்கச் செய்து, கடைசியில் தட்டையும் நீட்டியது.

இதன் கருத்து என்ன? சாஸ்திரம், சட்டம், கணக்கு, வைத்தியம் முதலிய அறிவு அவர்களுக்கு. கதை மட்டும் நமக்கு. அதுவும் கேள்வி கேட்கக் கூடாத கதை. ஆகவே, இன்று ஒருவன் சரித்திரமும் விஞ்ஞானமும் சட்டமும் நமக்கு எதற்கு, கதை மட்டும் போதும் என்று சொன்னால், ஆயிரம் வருஷத்திற்கு முன்பு அவன் பாட்டனுக்கு ஒதுக்கப்பட்ட பங்கையே அவன் இன்று தன் கைக்காசைக் கொடுத்து வாங்கிக் கொள்ளுகின்றான் என்பதல்லாமல் வேறென்ன?

அரை டாலர்ப் புஸ்தகம்

இரண்டையும் சேர்த்துப் படித்தவன் என்ன ஆவான் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம் சொல்லுவோம். அங்கே நீக்ரோக்கள் என்று அழைக்கப்பட்ட கறுப்பு மக்களை ஆடு மாடுகளைப் போல விலைக்கு வாங்கி விற்ற காலத்தில், தென் மாகாணங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே சட்டப்படி குற்றம். ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற அடிமைச் சிறுவனுக்குப் பால்டிமோர் நகரில் எஜமானி எழுத்துக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் உடனே தடுத்தான். படிக்கத் தெரிந்தால் அவன் அடிமையாக இருப்பதற்கு லாயக்கில்லாமல் போய் விடுவான் என்பதுதான் அவன் சொன்ன காரணம். எஜமானன் சொன்னது முழுக்க முழுக்க உண்மை! சிறுவன் தெருப் பிள்ளைகளிடம் ரொட்டியைக் கொடுத்து எழுத்தைக் கற்றான். சுமார் 12-வது வயதில், தான் சம்பாதித்த அரை டாலரைக் கொடுத்து ஒரு புஸ்தகம் வாங்கினான்.

அது ஒரு கதம்பப் புஸ்தகம். ராஜாங்க சபைகளில் உண்மையாகப் பேசப்பட்ட பிரசங்கங்களும் அதில் உண்டு. கற்பனைச் சம்பாஷணைகளும் அதில் உண்டு. ஓடிப் போய்ப் பிடிபட்ட ஓர் அடிமை தன் எஜமானனோடு வாதாடி, வாதத்தில் ஜெயித்து, விடுதலை பெறுவதாக ஒரு சம்பாஷணை. நடந்ததல்ல, கற்பனைதான். ஆனால் எஜமானனுக்குப் பதில் சொல்ல முடியும் என்பதை அந்தச் சிறுவன் அந்தக் கற்பனையிலிருந்துதான் முதலில் கண்டான். எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பிரசங்கங்களிலிருந்து கற்றான். 1838-இல் தப்பி ஓடினான். 1845-இல் தன் சரித்திரத்தைத் தானே எழுதி வெளியிட்டான். 1852-இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ என்ற அம்மையார் எழுதிய "டாம் மாமாவின் குடிசை" என்ற நாவல் வந்து, முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விலை போயிற்று. அடிமை முறையைத் தாக்கியதில் உண்மைச் சரித்திரத்திற்குப் பங்கு உண்டா, கற்பனை நாவலுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், இரண்டுக்கும் உண்டு என்பதைத் தவிர வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

நமது இயக்கத்தின் பழக்கம்

இது நமக்குப் புதிய சங்கதியுமல்ல. 1925-இல் ஈரோட்டில் "குடி அரசு" ஆரம்பித்த நாள் முதல் நமது இயக்கம் இப்படித்தான் நடந்து வந்திருக்கின்றது. மார்க்ஸும் ஏங்கல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931-இல் அதில் வெளிவந்தது. பகத்சிங்கின் "நான் நாத்திகன் ஏன்?" என்பதைத் தோழர் ப. ஜீவானந்தம் மொழிபெயர்க்க, அதை வெளியிட்டதற்காக வழக்கும் வந்தது. டாக்டர் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ஜாதி ஒழிப்புப் பிரசங்கமும் தமிழில் வந்தது. இவை எல்லாம் வாதங்களும் உண்மைகளும் ஆகும். ஆனால் அதே காலத்தில்தான் பாரதிதாசனின் "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" நாடகமும் மேடை ஏறியது.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்று ஒரு நாவல் வெளியிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்த அம்மையார் மேடை மேடையாகப் பேசியதோடு நில்லாமல் நாவல் எழுதினாரே, ஏன்? கூட்டத்திற்கு வர முடியாத பெண்ணின் வீட்டுக்குள் நாவல் போகும் என்பதற்காகவே அல்லவா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் வாதித்தார். அம்மையார் ஊர் ஊராகப் பேசினார்; கதையாகவும் சொன்னார். 1947-இல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. நாவலால்தான் சட்டம் வந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். சட்டம் மட்டும் போதும், நாவல் அனாவசியம் என்று எவராவது சொன்னால் அதையும் ஒப்புக் கொள்ள மாட்டோம்.

இன்றைய காரியத்திற்கு வருவோம். உப்பளத்திலும் தோல் கிடங்கிலும் தேயிலைத் தோட்டத்திலும் கூலி எவ்வளவு, லாபம் யாருக்கு, சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை அறிய வேண்டுமானால் சரித்திரமும் பொருளாதாரமும் சட்டமும் படித்துத்தான் தீர வேண்டும். ஆனால் அந்தக் கூலியில் ஒரு தாய் எப்படி உலை வைத்தாள், கண்காணி அழைத்தபோது அவள் நெஞ்சு எப்படி அடித்துக் கொண்டது என்பதைக் கணக்குப் புஸ்தகம் சொல்லாது. தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய "கரிப்பு மணிகள்" சொல்லும். திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய "தோல்" சொல்லும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் என்ற டாக்டர் இங்கிலீஷில் எழுதி, "எரியும் பனிக்காடு" என்று தமிழில் வந்திருக்கின்ற நாவல் சொல்லும். கணக்கை மட்டும் படித்தவன் மேடையில் புள்ளிவிவரம் ஒப்பிப்பான். கேட்பவன் கொட்டாவி விடுவான். கதையை மட்டும் படித்தவன் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு விட்டு விளக்கை அணைத்துத் தூங்கி விடுவான். இரண்டையும் படித்தவன்தான் மறுநாள் காலையில் ஏதாவது செய்ய எழுந்திருப்பான்.

ஜாபிதாக்காரர்களுக்கு

மூன்றாவது கூட்டத்தாருக்கு நாம் சொல்லுவது இதுதான். ஜாபிதா எழுதிக் கொடுக்கும்படி கேட்கின்றீர்களே, ரோமாபுரியிலும் ஜாபிதாதானே எழுதினார்கள்? அவர்கள் படிக்கக் கூடாததை எழுதினார்கள். நீங்கள் படிக்க வேண்டியதை மட்டும் எழுதச் சொல்லுகின்றீர்கள். இரண்டிலும் மிச்சப் புஸ்தகங்களுக்குக் கதவு அடைபட்டு விடுகின்றது. மேலே நாம் சொன்ன பேர்களைக் கூட ஜாபிதாவாக வைத்துக் கொள்ள வேண்டாம். அவை வழி காட்டுவதற்காகச் சொன்னவையே தவிர வேலி போடுவதற்காகச் சொன்னவை அல்ல.

நமது இயக்கப் புஸ்தகங்களையே படித்துக் கொண்டிருப்பதும் சரியல்ல. பெரியார் ராமாயணத்தைத் தாக்கினார் என்றால் அதைப் படிக்காமலா தாக்கினார்? வால்மீகியின் மொழிபெயர்ப்புகளை வரி வரியாகப் படித்து, எந்தக் காண்டத்தில் எந்தச் சருக்கம் என்று எடுத்துக் காட்டி அல்லவா எழுதினார்? அந்தப் புஸ்தகத்தின் ஹிந்தி மொழிபெயர்ப்பை 1969-இல் உத்தரப் பிரதேச சர்க்கார் பறிமுதல் செய்ய, லலாய் சிங் யாதவ் வழக்காடினார். 1976-இல் சுப்ரீம் கோர்ட் வரையில் போய் அவர் பக்கமே ஜெயித்தது. எதிரியின் புஸ்தகத்தைப் படித்தவனுக்குத்தான் அந்தத் தைரியம் உண்டு. படிக்காமல் திட்டுகின்றவனுக்கும் படிக்காமல் கும்பிடுகின்றவனுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை.

அதுபோலவே, எழுதியவனின் பிறப்பைப் பார்த்துப் புஸ்தகத்தைத் தள்ளுவதும் கொள்ளுவதும் கூடாது. சீர்காழியில் பார்ப்பனராகப் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்பவர் 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புஸ்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, உபயோகத்திற்கு என்பது முதல் விதி. ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு ஏற்ற புஸ்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு புஸ்தகத்திற்கும் அதற்கு உரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒளித்து வைத்ததையும் ஒதுக்கி வைத்ததையும் எதிர்த்தே வந்திருக்கின்ற நமக்கு இதைவிட ஏற்புடைய கொள்கை வேறு என்ன இருக்கின்றது? அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கொண்டு கிராமம் கிராமமாகப் போன நூலகம் ஒன்றும் ஆரம்பமாயிற்று. சொன்னவன் யார் என்பதற்கு முன் சொன்னது என்ன என்று பார்ப்பதுதான் சுயமரியாதை.

சுருட்டுத் தொழிலாளரும் ரேடியோப் பெட்டியும்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நாள் முழுவதும் உழைப்பவர்களும் என்ன செய்வது என்று கேட்கலாம். கியூபா தேசத்துச் சுருட்டுத் தொழிலாளர்கள் இதற்குப் பதில் சொல்லி இருக்கின்றார்கள். 1865-இல் ஹவானா நகரத்தில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில், கைகள் சுருட்டு உருட்டிக் கொண்டிருக்கும்போது காதுக்கு ஒருவன் உரக்கப் படித்துக் காட்டும் ஏற்பாடு துவங்கியது. படிப்பவனுக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புஸ்தகம் படிப்பது என்று அவர்களே வோட்டுப் போட்டார்கள். ஒரு வேளை பத்திரிகை, ஒரு வேளை நாவல், நடுநடுவே அரசியலும் சரித்திரமும் என்று கலந்து படிப்பார்கள். அடுத்த வருஷமே சர்க்கார் இதைத் தடுத்தது. ஆனாலும் வழக்கம் சாகவில்லை. அங்கே இன்றும் நடைபெறுகின்றது.

அந்தத் தொழிலாளரில் பலர் அமெரிக்காவில் தம்பா என்ற ஊருக்குக் குடியேறியபோது படிப்பவனையும் கூடவே கொண்டு போனார்கள். அங்கே 1931-இல் முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். படிப்பவனை மேடையிலிருந்து இறக்கி விட்டார்கள். அந்த இடத்தில் ரேடியோப் பெட்டி வந்தது. சத்தம் என்னவோ நிற்கவில்லை. ஆனால் எதைக் கேட்பது என்று வோட்டுப் போடும் உரிமை போய் விட்டது.

தோழர்களே! இன்று நம் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பெட்டி இருக்கின்றது. அதன் பேர் கைப்பேசி. அது கெட்ட வஸ்து என்று நாம் சொல்லவில்லை. 1998-இல் துவங்கிய மதுரைத் திட்டம் போன்ற ஏற்பாடுகளால் எத்தனையோ தமிழ்ப் புஸ்தகங்கள் அதில் இனாமாகவே கிடைக்கின்றன. ஆனால் நாமாகத் தேடினால்தான் அவை கிடைக்கும். தேடாமல் சும்மா தடவிக் கொண்டிருப்பவனுக்கு, நேற்று எதைப் பார்த்துப் பல்லைக் காட்டினானோ அதையே இன்றும் அது கொண்டு வந்து நீட்டும். அதற்கு வேண்டியது அவனது அறிவு அல்ல, அவனது நேரம். கோவில் பூசாரியாவது தட்டில் காசு விழுந்ததும் நம்மை விட்டு விடுவான். இந்தப் பூசாரி விடுவதே இல்லை.

செய்ய வேண்டியது

ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் தோழர்கள் கீழ்க்கண்டவாறு செய்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.

முதலாவதாக, உங்கள் ஊர் நூலகத்திற்குப் போங்கள். அது எவருடைய தர்மமும் அல்ல. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அது முதல் நமது வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டு வருகின்றது. இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. பணத்தைக் கட்டி விட்டுப் புஸ்தகத்தை வாங்கி வராமல் இருப்பவன், கடையில் காசைக் கொடுத்து விட்டு அரிசியை விட்டு விட்டு வருகின்றவனுக்குச் சமானம். வேண்டிய புஸ்தகம் அங்கே இல்லையானால், வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். ஒருவராகக் கொடுக்க வேண்டாம். பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இரண்டாவதாக, ஒரு கதைப் புஸ்தகம் எடுத்தால் அதே விஷயத்தைப் பற்றி உண்மை விவரம் சொல்லும் புஸ்தகம் ஒன்றும் எடுங்கள். நம் பக்கத்துப் புஸ்தகம் இரண்டு படித்தால் எதிர்ப்பக்கத்துப் புஸ்தகம் ஒன்று படியுங்கள். ஆண் எழுதியதைப் படித்தால் பெண் எழுதியதையும், நம் தேசத்தான் எழுதியதைப் படித்தால் அயல் தேசத்தான் எழுதியதையும் படியுங்கள். ஒரு புஸ்தகத்தில் வேறொரு புஸ்தகத்தின் பேர் வந்தால் குறித்து வைத்துக் கொண்டு அதைத் தேடிப் போங்கள். அப்படித் தேடிப் போகின்ற வழியில் எதிர்பாராமல் கைக்கு அகப்படுவது எந்த ஜாபிதாவிலும் இராது.

மூன்றாவதாக, கியூபாக்காரர்களைப் போல ஐந்து பேர், பத்துப் பேர் கூடுங்கள். படிப்பகத்திலோ தேநீர்க் கடையிலோ சவரக் கடையிலோ பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது நமக்குப் பழைய வழக்கம்தான். அதைப் புஸ்தகத்திற்கும் நீட்டுங்கள். பெண்கள் இல்லாமல் கூடாதீர்கள். எதைப் படிப்பது என்று வோட்டுப் போடுங்கள். தோற்ற கட்சியாருக்கு அடுத்த முறை இடம் கொடுங்கள்.

கடைசியாக, எந்தப் புஸ்தகமானாலும், இவர் எழுதியதைப் படிக்கும் நீங்கள், இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது, இதை நாம் நம்புவதால் லாபம் யாருக்கு, இதில் வராத ஆள் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கதையானாலும் கேளுங்கள், விஞ்ஞானமானாலும் கேளுங்கள், பெரியார் எழுதியதானாலும் கேளுங்கள். இந்தக் கட்டுரையையும் விட்டு விடாதீர்கள்.

நம்மைப் படிக்கக் கூடாது என்று சொன்னவர்களிடமிருந்து எழுத்தைப் பிடுங்கிக் கொள்ளுவதற்கு நம் முன்னோர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப் பிடுங்கிய எழுத்தைக் கொண்டு எதைப் படிப்பது என்பதை மறுபடியும் ஒரு மடாதிபதிக்கோ, ஒரு தலைவருக்கோ, ஒரு பெட்டிக்கோ ஒப்படைத்து விடுவதானால் அத்தனை கஷ்டமும் எதற்காக? யோசித்துப் பாருங்கள். யோசித்த பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் கதவு பூட்டியிருக்குமானால் திங்கட்கிழமை வரையில் காத்திருந்தாவது போய் இரண்டு புஸ்தகம் எடுத்து வாருங்கள். ஒன்று கதை, ஒன்று உண்மை.